தொப்பி ஐயாவிடம் போன நீலப் பறவை

நீலப் பறவையை நான் கொடுத்தது ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. என்னை யாரும் மிரட்டவில்லை. கேட்டவர் தொப்பி போட்டிருந்தார், அவ்வளவுதான்.

அது உயிருள்ள பறவை இல்லை. மடக்கித் திறக்கிற ஒரு சின்ன விளையாட்டு மிஷினுக்குள் இருக்கிற கார்ட். அந்த விளையாட்டில் ஒரு பொம்மைப் பையன் ஒரு ஊருக்குள் நடப்பான். பொத்தானை அமத்தி நாம்தான் அவனை நடத்த வேண்டும். அந்த ஊரில் யாருக்கும் வேறு வேலை கிடையாது. எல்லாரும் வாசலில் நின்று கார்ட் விளையாடுகிறார்கள். ஒவ்வொரு கார்டிலும் ஒரு மிருகமோ பறவையோ இருக்கும். அதற்குக் கீழே அதன் உயிர் எவ்வளவு என்று ஒரு நம்பர் இருக்கும். நம்முடைய கார்ட் அவர்களுடையதை அடிக்கும், அவர்களுடையது நம்முடையதை அடிக்கும். நம்பர் பூச்சியமானால் கார்ட் விழுந்துவிடும். முன்னால் நிறுத்த யாரிடம் கார்ட் இல்லையோ அவர் தோற்றவர்.

மிஷின் எங்களுடையது இல்லை. குவைத்தில் இருக்கிற நூரியாவினுடையது. நூரியாவுக்கு ஒன்பது வயது. என் சித்தி ஜீவராணி அவர்கள் வீட்டில் நாலு வருசமாக வேலை செய்கிறார். அதற்கு முன்னால் வேறு இரண்டு வீடுகளில் இருந்தார். அந்த வீடுகளைப் பற்றிச் சித்தி பேசுவதில்லை. இந்த வீட்டைப் பற்றிப் பேசினாலும் நூரியாவைப் பற்றித்தான் பேசுவார். நூரியா கீரை சாப்பிடாது. நூரியாவுக்கு இடி முழக்கம் என்றால் பயம். நூரியா சித்தியை ராணி என்று மட்டும் கூப்பிடும்.

ஆறு வார லீவில் சித்தி புறப்பட்ட அன்று அந்தப் பிள்ளை வாசல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு விடவில்லையாம். சித்திக்கு முன்னால் அந்த வீட்டில் வேலை செய்த மூன்று பேரும் லீவு என்று சொல்லிப் போய்த் திரும்பி வரவில்லை. நீயும் வரமாட்டாய் என்று அழுததாம். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, தானாகவே போய் மிஷினை எடுத்து வந்து சித்தியின் ஹேண்ட்பேக்கில் வைத்ததாம். "என் நீலப் பறவை உன்னிடம் இருக்கிறது. அதனால் நீ வந்துதான் ஆக வேண்டும்." சித்தியும் அதன் தலையில் கை வைத்து, பறவையோடு வருவேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மிஷினை ஒவ்வொரு நாளும் திறக்க வேண்டும் என்பது நூரியா போட்ட ஒரே நிபந்தனை. திறந்தால் விளையாட்டு ஊரின் கடைக்காரர் மூன்று கார்ட் போட்டு ஒட்டிய ஒரு பக்கெட்டைச் சும்மா தருவார். ஒரு நாள் விட்டால் அந்த நாள் பக்கெட் போய்விடும். லீவில் வந்தவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? ஒரு நாள் சடங்கு வீடு, ஒரு நாள் செத்த வீடு, ஒரு நாள் கோயில். இரண்டாம் நாளே மிஷினை என்னிடம் தந்துவிட்டார்.

"நீ சும்மாதானே இருக்க கேஷானி. தொறந்து தொறந்து வை."

நான் சும்மா இருப்பது உண்மை. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் பாடத்தில் என்னை எழும்பி வாசிக்கச் சொன்னார்கள். நான் எழும்பினேன், வாசிக்கவில்லை. மூன்று மாதம் அப்படியே போனது. பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியும். மெதுவாகத் தெரியும், சத்தமாக வராது.

முதல் இரண்டு வாரம் பக்கெட்டை மட்டும் வாங்கி வைத்துவிட்டு மிஷினை மூடினேன். மூன்றாவது வாரம் ஊருக்குள் கொஞ்சம் நடந்து பார்த்தேன். ஒரு புதன்கிழமை கிளப் என்று போர்டு போட்ட கட்டடத்துப் பக்கம் போனேன். வாசலில் ஒருவர் நின்றார். வட்டத் தொப்பி, காக்கிக் களுசான், காலில் முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்ட மேஸ், கையில் ஒரு தடி. பையன் பக்கத்தில் போனதும் திரையில் இங்கிலீஷில் எழுத்து வந்தது. நீளமாக இருந்தது. நீலப் பறவை என்பதும் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் என் கண்ணில் பட்டன. அதற்குக் கீழே ஆம், இல்லை என்று இரண்டு. அம்பு ஆம் என்பதில் நின்றது.

"சரிங்கையா," என்று சொல்லி அமத்தினேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் இது பழக்கம். தோட்டத்து ஐயா தொப்பியோடு எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்து ஏணி இருக்கா என்றால் ஏணியைக் கொடுப்போம். குழி தோண்ட அலவாங்கு இருக்கா என்றால் அலவாங்கு. ஒரு முறை ஒரு சேவலைக் கேட்டார். திருப்பித் தருகிறேன் என்று அவரும் சொல்வார். எப்போது என்று நாங்கள் கேட்பதில்லை. எங்கள் ஏணி இப்போது ரப்பர் ஸ்டோர் சுவரில் சாத்தியிருக்கிறது, அதில் தோட்டத்து நம்பரும் அடித்துவிட்டார்கள். கேட்ட உடனே கொடுத்துவிட்டால் அவர் சீக்கிரம் போய்விடுவார். இதில் எங்களுக்குள்ள நன்மை அதுதான்.

இவர் போகவில்லை. பறவையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். நான் திரும்ப அவரிடம் பேசியபோது புதிதாக எழுத்து வந்தது. இந்த முறை நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். "நல்ல பறவை. பத்திரமாக வைத்திருப்பேன். வேண்டுமென்றால் என்னோடு விளையாடி ஜெயித்து எடுத்துக்கொள். நான் புதன்கிழமை மட்டும்தான் வருவேன். ஒரு புதனுக்கு ஒரு ஆட்டம். இன்றைக்கு நேரமில்லை."

மிஷினை மூடித் திறந்தேன். பறவை வரவில்லை. நூரியாவின் கார்ட்கள் அடுக்கியிருந்த பக்கத்தில் முதல் இடம் சாம்பல் நிறமாக இருந்தது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நூரியா போன் எடுத்தது. எங்கள் லயத்தில் சிக்னல் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் மட்டும்தான் வரும். அதனால் குவைத்தோடு பேசுவதெல்லாம் குடத்தோடு நிற்பவர்களுக்கும் கேட்கும். சித்தி அரபில் பேசிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்.

"பறவையப் பாக்கணுமாம். இதில காட்டு."

நான் மிஷினைத் திறந்து ஒரு டொல்பினைக் காட்டினேன். அது இல்லை என்றது நூரியா. ஒரு சிங்கத்தைக் காட்டினேன். அதுவும் இல்லை. மிஷினை மூடினேன்.

"பெட்டரி முடிஞ்சிருச்சின்னு சொல்லுங்க சித்தி."

சித்தி அப்படியே சொன்னார். போனை வைத்த பிறகு மிஷினைப் பார்த்தார். அதன் ஓரத்தில் பச்சை லைட் நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"என்னடி செஞ்ச?"

"குடுத்திட்டேன்."

"யாருக்கு?"

"தொப்பி போட்ட ஒரு ஐயாவுக்கு."

சித்தி பீலியின் சிமெந்துக் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டார். "தொப்பி போட்டிருந்தா குடுத்திருவியா?"

ஆமாம் என்பதுதான் பதில். அது சித்திக்கும் தெரியும், அவரும் இதே லயத்தில் வளர்ந்தவர்.

"அந்தப் புள்ள மொகத்தில நான் எப்படிடி முழிப்பேன்? எல்லாரும் பொய் சொல்லிட்டுப் போனாளுக, நீயும் போவன்னு அழுதிச்சு. நாலு வருசத்தில ஒரு பொய் சொன்னதில்ல அதுகிட்ட."

இப்போது ஒன்று சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன். சொல்லவில்லை.

சித்தியை ஏயார்போட்டுக்குக் கூட்டிப் போக வேன் வருவது புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. அந்தப் புதனையும் சேர்த்து எனக்கு மூன்று புதன்கிழமைகள் இருந்தன. மூன்று ஆட்டம்.

பால் வெட்டிவிட்டு வந்த அம்மாவிடம் சித்தி முறையிட்டார். அம்மா கையில் காய்ந்திருந்த ரப்பர் பாலை உரித்துக்கொண்டே கேட்டார்.

"ஐயா வாங்கிட்டாருன்னா வராது. நம்ம ஏணி வந்திச்சா?"

"அக்கா, இது கேம். நெச ஐயா இல்ல."

"தொப்பி இருக்குதானே?"

இருக்கிறது என்றேன்.

பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கிற அழகமுத்து மாமா எங்கள் தோட்டத்து யூனியன் தலைவர். சத்தம் கேட்டு வந்தார். விசயம் இன்னது என்று விளங்கியதும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுத்தில ஏதாவது குடுத்தானா?"

"இல்லிங்க மாமா."

"சாட்சி யாரு?"

"பொம்மைப் பையன் மட்டும்தான்."

"அவன் எந்தப் பக்கம்?"

"அவன் நான்தாங்க."

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "பொதன்கெழம மட்டும்தான் இருப்பானா? அப்ப அது லேபர் டே. நம்ம தொரையும் பொதன்கெழமதானே ஒபீஸில முறைப்பாடு கேக்கிறாரு? மத்த நாள்ல போய் நின்னா கவனிக்க மாட்டாங்க. சட்டப்படித்தான் நடத்துறான்." பிறகு என்னைப் பார்த்து, "கிட்ட போய் நிக்காத. ரெண்டடி தள்ளி மரியாதையா நின்னு பேசு," என்றார்.

பக்கத்தில் போய் முட்டினால்தான் எழுத்து வரும் என்றேன்.

"அப்ப யூனியனால ஒண்ணும் செய்ய ஏலாது," என்று எழும்பிப் போனார்.

சனிக்கிழமை சித்தி என்னை வரக்காப்பொலை டவுனுக்குக் கூட்டிப் போனார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மஷூர் நானாவின் போன் கடை இருக்கிறது. நானா மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எடுக்கலாம் தங்கச்சி. உள்ள இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிட்டா திரும்ப மொதல்ல இருந்து வரும்."

"அப்ப பறவை?" என்று கேட்டார் சித்தி.

"பறவையும் முட்டையில இருந்து வரும். ஒரு ரெண்டு வருசம் வெளையாடணும்."

சித்தி மிஷினை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். அழிப்பது என்ற வார்த்தையின் பக்கத்தில் கூட அது இருக்கக் கூடாது என்பது போல, வருகிற வழி முழுதும் மடியிலேயே வைத்திருந்தார்.

முதல் ஆட்டத்துக்கு நூரியாவின் பலமான கார்ட்களை எல்லாம் எடுத்தேன். ஒரு ஆட்டத்துக்கு ஆறு கார்ட் வைக்கலாம். சிங்கம், காண்டாமிருகம், முதலை, கரடி, இரண்டு எருமை. தொப்பி ஐயா ஒரே ஒரு கார்டை வைத்தார். நீலப் பறவை. அவரிடம் வேறு கார்டே இல்லை. நூரியாவின் பறவை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதைக் கொண்டே எல்லாரையும் அடிக்கிறார்.

பறவை மேலே பறந்தது. தரையில் நிற்கிற எதனாலும் அதைத் தொட முடியவில்லை. ஒரு அடிக்கு ஒன்று விழுந்தது. சிங்கம் விழுந்தது, காண்டாமிருகம் விழுந்தது. மற்றதையும் சொல்லத் தேவையில்லை. ஆறு அடியில் ஆட்டம் முடிந்தது.

"நல்ல பறவை," என்றார் தொப்பி ஐயா.

அந்த வெள்ளிக்கிழமை நூரியாவிடம் சித்தி, பறவை தூங்குகிறது என்றார். பகலில் ஏன் தூங்குகிறது என்று நூரியா கேட்டது. இலங்கையில் மழை என்றார் சித்தி. பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அரபு தெரியாது. ஆனால் சித்தி பொய் சொல்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

இரண்டாவது ஆட்டத்துக்கு எனக்கு யோசனை எதுவும் மிச்சமில்லை. பக்கெட்டில் வந்த நத்தைகள் மூன்று இருந்தன. நத்தை யாரையும் அடிக்காது. அடி விழுந்தால் ஓட்டுக்குள் போய்விடும், முதல் அடி அதற்குக் கணக்கில்லை. இரண்டாவது அடியில்தான் விழும். பலசாலிகளை வைத்துத்தான் பார்த்தாகிவிட்டதே என்று அந்த மூன்று நத்தையையும் வேறு மூன்று கார்டையும் வைத்தேன். இந்த முறையும் தோற்றேன். ஆனால் ஆட்டம் கொஞ்சம் நீண்டதால் திரையைப் பார்க்க நேரம் கிடைத்தது. கடைசிக் கார்ட் விழும்போது பறவைக்குக் கீழே இருந்த நம்பர் பத்து. ஆட்டம் தொடங்கும்போது அது நூறாக இருந்தது.

நான் அதை ஒரு தடவை கூடத் தொடவில்லை. பிறகு யார் குறைத்தது?

"நல்ல பறவை," என்றார் அவர். மிஷினை மூடினேன். சித்தி அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சூட்கேசுக்குள் உடுப்பு மடித்து வைத்துக்கொண்டிருந்தார். ஜெயித்தாயா என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கைவிரலில் கத்தி பட்டுவிட்டது. சனிக்கிழமை காலையில் அவருக்குப் பதிலாக நான் பால் வெட்டப் போனேன். மலையில் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். எங்கள் மலையில் ஒரு மரத்தை இன்றைக்கு வெட்டினால் நாளைக்கு விட்டுவிட வேண்டும். அதற்கு அடுத்த நாள்தான் திரும்ப வெட்டலாம். எங்கள் வரிசை முடிகிற இடத்தில் பழைய மலை தொடங்குகிறது. அந்த மரங்களைத் தறித்துவிட்டுப் புதுக் கன்று நடப் போகிறார்கள் என்று, தறிக்கிற வரைக்கும் பால் எடுக்க ஒரு ஆளுக்குக் கொந்தராத்துக்கு விட்டிருந்தார்கள். அவர் நாள் விடாமல் வெட்டினார். ஒரே மரத்தில் இரண்டு பக்கமும் வெட்டினார். இப்போது அந்த மரங்களில் பட்டை பழுப்பாகி வெடித்திருந்தது. சிரட்டையில் பால் இல்லை. மழைத் தண்ணீரும் இரண்டு எறும்பும் இருந்தன.

அந்தச் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு வந்து அடுத்த மரத்தை வெட்டும்போது எனக்கு விசயம் விளங்கியது. அடி என்கிற பொத்தானுக்குப் பக்கத்தில் ஓய்வு என்று ஒரு பொத்தான் அந்த விளையாட்டில் இருக்கிறது. தொப்பி ஐயா அதை அமத்தி நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து பறவையின் விவரத்தைத் தேடி வாசித்தேன். சாம்பல் இடத்தில் கையை வைத்தாலும் விவரம் வந்தது. ஒரு அடிக்குப் பறவையின் உயிரில் பத்துப் போகும். அடித்த பிறகு ஒரு முறை ஓய்வு கொடுத்தால் போன பத்துத் திரும்ப வரும். கொடுக்காவிட்டால் வராது. அவ்வளவுதான் எழுதியிருந்தது.

அப்படியென்றால் நான் அவரை அடிக்கத் தேவையில்லை. அவர் பத்துத் தடவை அடிக்கும்வரை நான் நின்றால் போதும். போன முறை ஒன்பது தடவை நின்றிருக்கிறேன்.

நத்தை ஐந்து இருந்தால் பத்து அடி தாங்கும். ஆறாவதாக ஏதாவது ஒன்று மிஞ்சி நிற்கும். விளையாட்டுக் கடைக்காரர் ஐம்பது கார்டை வாங்கிக்கொண்டு நாம் கேட்கிற சாதாரணக் கார்ட் ஒன்றைத் தருவார். நான் திறந்த பக்கெட்டுகளில் வந்தது நூற்றுச் சொச்சம் கார்ட் இருந்தது. நூரியாவினுடையதில் கை வைக்கவில்லை. என்னுடைய நூறையும் கொடுத்து இரண்டு நத்தை வாங்கினேன். கடைக்காரர், உறுதியா என்று இரண்டு தடவை கேட்டார். நத்தைக்கு யாரும் அவ்வளவு கொடுப்பதில்லை போலிருக்கிறது.

மூன்றாவது புதன்கிழமை விடியவே மழை. மழை என்றால் பால் வெட்டு இல்லை, லயத்தில் எல்லாரும் வீட்டில்தான். சித்தி போகிற நாள் என்பதால் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போக வந்தார்கள். வந்தவர்கள் போகவில்லை. அழகமுத்து மாமா கதிரையில் இருந்தார். எதிர் லயத்துச் சுமித்ரா அக்கா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். வெளியே போங்கள் என்று எனக்குச் சொல்ல வராது. அதனால் அப்படியே தொடங்கினேன்.

"இவன்தானா?" என்று கேட்டார் சுமித்ரா அக்கா. "ஐயோ, பாத்தா நல்ல மனுசன் மாதிரி இருக்கே!"

"தொப்பியப் பாரு," என்றார் அம்மா.

முதல் நத்தை ஓட்டுக்குள் போனது. பறவை திரும்பவும் அடித்தது. நத்தை விழுந்தது. நான் இரண்டாவது நத்தையை வைத்தேன்.

"என்னடி, அடிக்கிற ஒண்ணயும் காணோம்?" என்றார் தலைவர். "திருப்பிக் குடுக்கிறதில்லையா?"

"நிக்கிறதுதாங்க மாமா."

"நிக்கிறதா?" அவர் மற்றவர்களைப் பார்த்தார். "நம்மதான் அறுபது வருசமா நிக்கிறோமே!"

மூன்றாவது நத்தை விழுந்தபோது பறவையின் நம்பர் நாற்பது. சித்தி ஒரு கையில் சூட்கேசுப் பூட்டோடு வந்து நின்றார். நாலாவது நத்தை விழுந்தது, இருபது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இனி அவர் ஒரு முறை ஓய்வு கொடுத்தால் போதும், என் கணக்கெல்லாம் பிழையாகிவிடும். ஐந்தாவது நத்தையை வைத்தேன். பறவை அடித்தது, நத்தை ஓட்டுக்குள் போனது. பத்து. தொப்பி ஐயா அசையாமல் நின்றார். இந்த இடத்தில் அவர் முன்னைய ஆட்டங்களில் இவ்வளவு நேரம் எடுத்ததில்லை. மழை தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவர் அடித்தார்.

நத்தை விழுந்தது. நான் கடைசிக் கார்டை வைத்தேன். அது ஒரு முயல். முயலுக்கு மேலே நீலப் பறவை சிறகை ஒரு தடவை விரித்து, மடக்கி, கீழே வந்து படுத்தது. நம்பர் பூச்சியம்.

எல்லாரும் கத்தினார்கள். எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஒரு பிள்ளை தந்த பறவையை அது விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் நம்பர் தானாகவே நூறாக மாறியது. அதைக் கண்ட பிறகுதான் மூச்சு விட்டேன். பழைய மலை மரங்களில் அப்படி மாறாது.

"எடு, எடு," என்றார் சித்தி. "வேன் வந்திரும்."

ஆனால் எழுத்து வந்தது. கீழே ஆம், இல்லை என்று இரண்டு. அம்பு ஆம் என்பதில்தான் நின்றது.

"என்ன சொல்றான்? சத்தமா வாசி," என்றார் தலைவர்.

நான் தமிழில் சொன்னேன். "நல்லா வெளையாடுனியாம். பறவை ஒன்னோடதுதானாம். ஆனா அவருக்குப் பழகிப் போச்சாம். இன்னும் ஒரு வாரம் வச்சிருக்கட்டுமான்னு கேக்கிறாரு."

"அனே பவ்," என்று சிங்களத்தில் பரிதாபப்பட்டார் சுமித்ரா அக்கா. "வயசான மனுசன். ஒரு வாரம்தானே."

"ஒரு வாரமா? நான் இன்னைக்குப் போறேன்!" என்றார் சித்தி.

"ஜீவராணி, கொஞ்சம் பொறு." தலைவர் கதிரையை முன்னால் இழுத்தார். "ஜெயிச்சாச்சு, நல்லது. ஆனா மொகத்தில அடிச்ச மாதிரி இல்லன்னு சொல்லக் கூடாது. நாளைக்கு இன்னொரு விசயத்துக்கு இவன்கிட்டத்தானே போகணும்?"

இனி ஒரு விசயத்துக்கும் இவரிடம் போகத் தேவையில்லை என்பதை நான் சொல்லவில்லை. அம்பை இல்லை என்பதற்கு நகர்த்தினேன். விரல் வழுக்கியது. பாவாடையில் துடைத்துவிட்டு அமத்தினேன்.

அவர் போகவில்லை. ஒரு நாள் மட்டும் என்றார். இல்லை. தனக்கு வீட்டில் யாரும் கிடையாது என்றார். அதை நான் சொன்னதும் பின்னால் இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். யாரோ, "குடுத்திரு புள்ள, பாவத்தக் கட்டிக்காத," என்றார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அம்பு திரும்ப ஆம் என்பதில் வந்து நின்றது. அதை ஒவ்வொரு முறையும் நான்தான் நகர்த்த வேண்டியிருந்தது. இல்லை.

நாலாவதாக வந்ததை வாசித்தேன். "ஒன்னப் பத்தி கிளப்பில நல்லபடியா சொல்லி வைக்கிறேன், குடுத்திட்டுப் போ, அப்படின்னு சொல்றாரு."

"பாத்தியா!" தலைவர் தொடையில் தட்டினார். "எறங்கி வர்றான். இதத்தான் பேச்சுவார்த்தைன்னு சொல்றது. இது நல்ல இடம் கேஷானி, இந்த இடத்தில முடிச்சுக்க."

சித்தி இங்கே வந்ததிலிருந்து எனக்குக் கோபமாக எதுவும் சொன்னதில்லை, பீலியடியில் சொன்னதைத் தவிர. இப்போது சூட்கேசுப் பூட்டைத் திறந்து மூடி, திறந்து மூடி நின்றார். அம்மா திரையையே பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

அறைக்குள் பத்துப் பேர் இருந்தார்கள். ஆறு பேருக்கு முன்னால் கூட நான் மறுத்து வாய் திறந்ததில்லை.

"முடியாதுங்கையா," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. ஐயா என்பதை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. அமத்தினேன்.

தொப்பி ஐயா தொப்பியைக் கழற்றினார். உள்ளே வழுக்கை. பறவையைத் தந்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு திரைக்கு வெளியே நடந்து போனார். அவருக்கு இவ்வளவு தூரம் நடக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாலு மணிக்கு வேன் வந்தது. சித்தி மிஷினைக் கைக்குட்டையில் சுற்றி ஹேண்ட்பேக்கில் வைத்து, பாஸ்போட்டை வெளியே எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். வேனில் ஏறிய பிறகு இறங்கி வந்து என் தலையை ஒரு தடவை பிடித்து ஆட்டிவிட்டுத் திரும்ப ஏறினார். அழகமுத்து மாமா டிரைவரிடம், "பேச்சுவார்த்தையில சுமுகமா முடிஞ்சிருச்சி," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமை சித்தியிடமிருந்து வீடியோ கோல் வந்தது. அவர் சொல்லியிருந்த நேரத்துக்கு நான் போனோடு பீலியடியில் காத்து நின்றிருந்தேன். திரையில் சித்தியும் அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு ஒரு சுருட்டை முடிப் பிள்ளையும் இருந்தார்கள். அதன் கையில் மிஷின் திறந்திருந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி," என்றார் சித்தி. "பெட்டரிப் பொய், தூங்குற பொய், எல்லாம். மொதல்ல கோவிச்சிக்கிட்டு ரூமுக்குப் போயிருச்சி. அப்புறம் வந்து என்ன சொல்லுது தெரியுமா? பொதன்கெழமையில கிளப் பக்கம் போகக் கூடாதுன்னு ஒங்கிட்ட சொல்ல மறந்திட்டாளாம்."

"ஏன்?"

"அவ போகவே மாட்டாளாம். அவகிட்டயும் ஒரு தடவ வாங்கிட்டான். திருப்பி எடுக்க ஒரு வருசமாச்சாம். திரும்பக் கேட்டா குடுத்திருவோம்னு பயத்தில பொதன்கெழம அந்தத் தெருவுக்கே போறதில்ல."

நூரியா எதையோ வேகமாகச் சொன்னது. சித்தி சிரித்தார்.

"இன்னைக்குப் போயிருக்கா. இப்ப முன்னால நிக்கிறான். நீ போன வைக்காம இருக்கணுமாம். இல்லன்னு சொல்லப் போறாளாம்."

"நாலு தடவ சொல்லணும்னு சொல்லுங்க சித்தி. நாலாவது தடவதான் போவாரு."

சித்தி சொன்னார். நூரியா தலையை ஆட்டிவிட்டு மிஷினை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டது.

"லா," என்று அரபில் இல்லை சொன்னது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை.

எனக்குப் பின்னால் சுமித்ரா அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "கொஞ்சம் தள்ளு புள்ள, தண்ணி பிடிச்சிக்கிறேன்."

தள்ளினால் சிக்னல் போய்விடும்.

"இல்லக்கா," என்றேன். "செத்த நேரம் பொறுங்க."

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்தார். நூரியா மூன்றாவதையும் சொல்லியிருந்தது. நாலாவதுக்கு நேரம் எடுத்தது. அது நகத்தைக் கடித்துக்கொண்டு சித்தியைப் பார்த்தது, பிறகு போனுக்குள் என்னைப் பார்த்தது. நான் அசையாமல் நின்றேன்.